இரவல் சோபா வந்த ஞாயிறு

நான் நான்காம் வகுப்பில் படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்திலேயே பின்பாக்கெட் வைத்த பாவாடை உடுத்திய ஒரே பெண் நான்தான். இதைச் சொன்னால் இப்போதுள்ளவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பாக்கெட்டில் ஒரே நேரத்தில் பதினைந்து புளியங்கொட்டை, இரண்டு சிலேட்டுக் குச்சி, பாதி கடித்த நெல்லிக்காய் எல்லாம் கொள்ளும். ஒரு தடவை கைவிட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டு மற்றப் பெண்கள் என் பின்னால் நடந்தார்கள். நான் எல்லோரையும் விட்டுவிடவும் இல்லை.

அது அப்பாவின் நீலப் பேன்ட். அப்பாவுக்கு முந்திரி ஆலையில் மேற்பார்வையாளர் வேலை. சைக்கிள் சங்கிலி கடித்துக் கடித்துக் கால்பக்கம் நாராகியிருந்தது. ஆனால் ஆலையில் அவருக்கு உட்கார நேரமே கிடையாது என்பதால் பின்பக்கம் கல்லுபோல இருந்தது. சித்தி அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, "கெடக்கட்டு, இதுல இன்னும் ஜீவன் இருக்கு" என்றாள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அது எனக்குப் பள்ளிப் பாவாடை ஆகிவிட்டது. பாக்கெட்டைப் பிரிக்கக் கூடாது என்று அழுது அடம்பிடித்தது மட்டும்தான் அதில் என் பங்கு.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். காலையில் பக்கத்துத் தையல் கடைக்குப் போய் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பாள், நாலு மணிக்கு வீடு திரும்புவாள், ஒரு தேயிலையைக் குடித்துவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு அப்பாகூடப் பயப்படுவார். "அத்தான், அந்தத் துண்டு கிழிஞ்சாச்சா?" என்று அவள் கேட்டால், உடம்பு துவட்டிக்கொண்டிருப்பவர் இன்னும் கிழியவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் துண்டு கிழிந்தால் கால்மிதி, கால்மிதி நைந்தால் அடுப்பங்கரைப் பிடிதுணி, அதுவும் போனால் அம்மா சைக்கிள் துடைக்க வெட்டிக் கொடுப்பாள். பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்காரர் ஊரெல்லாம் மணியடித்துக்கொண்டு வருவார். எங்கள் வாசல் வந்ததும் மணியை நிறுத்திவிட்டு வேகமாக மிதித்துப் போய்விடுவார். ஒருதடவை நின்றதற்கு, அவர் வண்டியில் கிடந்த தையல் மெஷின் ஒன்றைச் சித்தி இறக்கி வைத்துக்கொண்டாள். துரு ஏறி, சக்கரம் சுற்றாத சவம். மண்ணெண்ணெயில் நாலு நாள் ஊறப்போட்டு, பழைய செருப்பின் வாரை வெட்டி பெல்ட்டாக மாட்டி, அதை ஓடவைத்தாள். எங்கள் வீட்டில் பிறகு நடந்த அற்புதங்கள் எல்லாம் அதில்தான் நடந்தன.

எங்கள் ஊருக்கு மழை வருஷத்தில் இரண்டு தடவை வரும் என்பதால் குடைகளும் இரண்டு தடவை சாகும். சித்தி கம்பியையும் துணியையும் தனித்தனியாகப் பிரிப்பாள். துணி, நனையாத புத்தகப் பை ஆகும். கம்பி, கொடியில் மாட்டும் கொக்கி ஆகும். இனயம் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் அக்காவுக்குத் தலையில் கூடை வைக்கும் சும்மாடு ஒன்று பழைய துணியில் தைத்துக் கொடுத்தாள். அந்த அக்கா பதிலுக்குக் கிழிந்து தள்ளிய வலையின் கயிற்றை ஒரு கட்டு கொண்டுவந்து போட்டாள். பிரம்பு போய் ஓட்டையாகக் கிடந்த எங்கள் கை நாற்காலியில் சித்தி அந்தக் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் பின்னினாள். பச்சையும் நீலமுமாக, ஏறி உட்கார்ந்தால் லேசாகத் தூக்கிப் போடும். அதில் யார் உட்காருவது என்று எனக்கும் அப்பாவுக்கும் தினமும் சண்டை. நான் சொல்கிறேன், அந்த நாற்காலிபோல ஒன்றை அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய வீடுகளுக்குப் போயும் நான் பார்க்கவில்லை.

ஆனால் சித்திக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இந்த நாற்காலிதான் காரணம் என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடியது. அவளை இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முதல் வீட்டுக்காரர்கள் பதிலே சொல்லவில்லை. இரண்டாவது வந்த அம்மாள் நாற்காலியையும், சேலையில் தைத்த ஜன்னல் திரையையும், ஒட்டுப்போட்ட மெத்தை உறையையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, வெளியே போய் யாரிடமோ "அங்க முழுசா ஒரு துணி கூட இல்லப்பா" என்றாளாம். அது சுற்றிச் சுற்றி எங்கள் காதுக்கே வந்தது. சித்தி அதைக் கேட்டுச் சிரித்தாள். அன்று சாயங்காலம் மெஷின் பக்கம் அவள் போகவில்லை என்பதை நான் கவனித்தேன். தலைவலி என்று சொன்னாள். நான் நம்பினேன்.

மூன்றாவது இடம் வந்தபோது சித்திக்கு இருபத்தொன்பது. மாப்பிள்ளைக்கு மார்த்தாண்டத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை என்று தரகர் சொன்னதும் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "துணிக்கடைக்காரனாக்கும், கேட்டியா? வாசல்ல நின்னே எது எந்த வருசத்துத் துணின்னு சொல்லிப் போடுவான்" என்று அம்மாவிடம் சொன்னார். இதுவும் தட்டிப் போனால் இனி அவளைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். வீட்டையே மாற்றிவிடுவது.

பக்கத்து வீட்டுக்காரர் கல்ஃபில் இருந்தார். அவர் மனைவிக்கு இரக்கமான மனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த கையோடு அவர்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றும், தங்க விளிம்பு போட்ட கோப்பைகளும், பூப்போட்ட திரைகளும், கண்ணாடி டீப்பாயும் எங்கள் வீட்டுக்குள் ஏறின. சோபாவை வாசலில் நுழைக்க அப்பாவும் இரண்டு பேரும் அரைமணிக்கூர் மல்லுக்கட்டினார்கள். அதற்கு இடம்வேண்டி, சித்தி செய்ததெல்லாம் வீட்டின் பின்னால் இறக்கியிருந்த சாய்ப்புக்குள் போயின. விறகும் தேங்காயும் போடும் அறை அது. வலைநாற்காலி, மெத்தை உறைகள், குடைத்துணிப் பைகள், தையல் மெஷின், எல்லாவற்றையும் அப்பா ஒன்றின்மேல் ஒன்றாக அடைத்துக் கதவைச் சாத்திச் சங்கிலியைப் போட்டார்.

என் பாவாடையும் உள்ளே போயிற்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் உடுப்பு ஒன்றை என்மேல் மாட்டினார்கள். பளபளவென்று இருக்கும், கழுத்தெல்லாம் அரிக்கும், ஒரு பாக்கெட்டும் கிடையாது. "ஏட்டி, அவியளுக்க முன்னால நீ வாயத் தெறந்தேன்னு வையி, தோல உரிச்சுப்போடுவேன்" என்று அம்மா எனக்குத் தலைவாரிக்கொண்டே சொன்னாள். சித்தி அம்மாவின் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, நாற்காலி இருந்த மூலையில் நின்றாள். அவள் அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த விருந்தாளி மாதிரி இருந்தாள். நான் அழுதுகொண்டு அவளிடம் போனேன்.

"ஒரு மணிக்கூர்தானே மக்களே. அவிய போனதும் எல்லாத்தையும் வெளிய எடுத்துப்போடலாம்" என்றாள்.

மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அம்மாவின் அண்ணன். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அந்தத் தாய்மாமா ஒரு சபையில் உபதேசியாராக இருந்தார், கையில் வேதப்புத்தகத்தோடுதான் வந்தார். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தாலும் சரி, பசுமாடு வாங்க வந்தாலும் சரி, முதலில் ஒரு ஜெபம் உண்டு. உபதேசியார் எழுந்து நின்று "ஜெபம் பண்ணுவோம்" என்றதும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் தரையில், மாப்பிள்ளையின் அம்மா காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உபதேசியார் ஆதாமுக்கு ஏவாளைக் கொடுத்த இடத்தில் தொடங்கினார். ஈசாக்குக்கு ரெபெக்காளைப் பார்க்கப் போன இடத்துக்கு அவர் வந்தபோது எனக்குக் கழுத்து அரித்தது. சொறிவதற்காகக் கண்ணைத் திறந்தேன். என் மூக்குக்கு நேரே அந்த அம்மாவின் சேலைக் கொசுவம். மாம்பழ நிறச் சேலை, அரக்குக் கரை. கரை முழுக்கச் சின்னச் சின்னப் பூக்கள். ஒரு பூவுக்கு ஐந்து இதழ். அடுத்ததற்கும் ஐந்து. கொசுவத்தின் மூன்றாவது மடிப்புக்குள் போனதும் பூவுக்கு நாலு இதழ்தான் இருந்தது.

நான் குனிந்து மறுபடியும் எண்ணினேன். சந்தேகமே இல்லை. அது இரண்டு சேலை. நடுவில் நைந்து போன இரண்டு பழைய சேலைகளின் நல்ல பாதிகளை எடுத்து மூட்டி ஒன்றாக்கி, மூட்டு வெளியே தெரியாமல் கொசுவத்துக்குள் ஒளித்துக் கட்டியிருந்தது. சித்தி அம்மாவுக்கு இப்படி இரண்டு சேலை செய்து கொடுத்திருக்கிறாள், அதனால் எனக்கு அந்த வித்தை தெரியும். மேலே உபதேசியார் கல்ஃப் தேசத்தில் பாடுபடுகிறவர்களுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். கீழே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் ஆள் ஒருத்தி வந்திருக்கிறாள்! "ஆமென்" என்று எல்லோரையும்விடச் சத்தமாக நான்தான் சொன்னேன். அம்மா ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள்.

சித்தி தட்டில் தேயிலை கொண்டுவந்தாள். மாப்பிள்ளை கோப்பையை எடுக்கும்போது அவளைப் பார்த்தார், பிறகு கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா சோபாவின் ஓரத்தில், முழுதாகச் சாயாமல், கையால் உறையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்ல கொள்ளாவுன்ன சாமானமெல்லாம் போட்டிருக்கீங்க" என்றார்.

"எல்லாம் இப்ப எடுத்ததாக்கும்" என்றார் அப்பா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம வீட்டுல பழசு எதையும் வச்சிக்கிடுறதில்ல. பழசாச்சுன்னா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுத்துப்போடுவேன். எங்க கொழுந்தியாளுக்கும் அப்படித்தான் பழக்கம்."

கொழுந்தியாள் என்றது சித்தியைத்தான். அந்த அம்மா காலைச் சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, கொசுவத்தைக் கையால் ஒதுக்கி முட்டிக்கு நடுவே வைத்துக்கொண்டார். தேயிலையைப் பாதியில் வைத்தார். பிறகு உபதேசியார் தொண்டையைக் கனைத்தார்.

"நாங்க சாதாரணப்பட்ட ஆளுங்க. வீட்டுல போய்க் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சுக்கு என்ன பொருள் என்று ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சொல்லி அனுப்பமாட்டார்கள். அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு செய்தும் என்ன குறை என்பதுபோலத் திரைகளையும் டீப்பாயையும் மாறிமாறிப் பார்த்தார். சித்தி கோப்பைகளை எடுத்துத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள். தங்க விளிம்பு அடிபடாமல், ரொம்பப் பொறுமையாக அடுக்கினாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! இந்த வீட்டில் பார்க்க வேண்டியது ஒன்றையும் பார்க்காமல் போகிறார்களே. பக்கத்து வீட்டுத் திரையைப் பார்த்துவிட்டு எங்கள் சித்தியை வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார்? மாப்பிள்ளையின் அம்மா எழுந்திருக்கும்போது நான் அவர் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தச் சாரிய யாரு மூட்டுனது? எங்க சித்தி இதவிட நல்லா மூட்டுவா!"

அப்பா "ஏட்டி!" என்று எழுந்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அந்த அம்மாவின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தார்.

"எப்பம் பாத்தே மக்களே?"

"ஜெபத்துல."

"கண்ணத் தெறந்து வச்சிட்டா ஜெபம் பண்ணினே?" என்றார் உபதேசியார். அவருக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

"இந்தப் பக்கம் அஞ்சு இதளு, அந்தப் பக்கம் நாலு" என்றேன் நான். தோல் உரிவது உறுதியாகிவிட்டபிறகு யாருக்குப் பயப்பட வேண்டும்? "இந்தச் சோபா எங்களுக்கது இல்ல. திரையும் இல்ல. நான் போட்டிருக்க உடுப்பும் எனக்கது இல்ல. எங்களுக்க சாமானமெல்லாம் சாய்ப்புல கெடக்கு. வாங்க, காட்டித் தாறேன்."

அம்மா என்னைப் பிடிக்கப் பாய்ந்தாள். அதற்குள் ஓடிப்போய்ச் சாய்ப்பின் சங்கிலியை எடுத்துவிட்டேன். அப்பா அடைத்திருந்த அழகுக்குக் கதவு தானாகத் திறந்துகொண்டது. முதலில் இரண்டு தேங்காய் உருண்டு வந்தன. பின்னாலேயே குடைத்துணிப் பைகள் சரிந்தன. பிறகு வலைநாற்காலி முன்னங்கால் இரண்டையும் வெளியே நீட்டிக்கொண்டு வந்து நின்றது.

என் பின்னாலேயே வந்துவிட்ட எல்லோருக்கும் நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது குடை. இதுவும் குடை. இது அப்பாவின் பேன்ட், பாருங்கள், பாக்கெட்டில் கையைவிட்டுப் பாருங்கள். இந்த உறையில் அம்மாவின் நாலு சேலையும் என் குட்டிச் சட்டை ஒன்றும் இருக்கிறது. இந்த மெஷின் செத்துப்போய் வந்தது. அடுப்பங்கரையில் இருக்கும் தேயிலை வடிகட்டிகூட சித்தி கொசுவலையில் தைத்தது, இப்போது நீங்கள் குடித்த தேயிலையும் அதில்தான் வடித்தது.

"அது கழுவி, வென்னில அவிச்ச துணியாக்கும்" என்றாள் அம்மா, தன்னையறியாமல். சொன்னபிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதும் நான் விடவில்லை. முன்னறைக்கு ஓடி, அந்த இரவல் சோபாவின் மெத்தையைத் தூக்கிக் காட்டினேன். போன வருஷம் பக்கத்து வீட்டில் எலி கடித்துக் குதறிய சோபா அது. அடிப்பக்கம் முழுக்கச் சித்திதான் தைத்துக் கொடுத்தாள். அப்பாவின் ஆலைச் சாக்கு. முந்திரி மூட்டைக்குப் போட்ட கறுப்பு மை எண்கூட அழியாமல் அதில் இருந்தது. இப்போது எடுத்தது என்று அப்பா சொன்ன சோபாவின் வயிற்றில் அப்பாவின் சாக்கே உட்கார்ந்திருந்தது. அப்பா திண்டாடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. அன்று எனக்கு அப்படியொரு பெருமை. ஊரிலேயே நல்ல சாமான் வைத்திருக்கும் வீட்டில்கூட எங்கள் சித்தியின் தையல்தான் இருக்கிறது என்று காட்டிவிட்டேன் அல்லவா?

மாப்பிள்ளையின் அம்மா சோபாவைப் பார்க்கவில்லை. அவர் சாய்ப்புக்குள் போய்விட்டிருந்தார். கனத்த உடம்பு. ஒன்றும் கேட்காமல் வலைநாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி லேசாகத் தூக்கிப் போட்டது, தாங்கிக்கொண்டது. மடியில் அந்த மெத்தை உறையை எடுத்துப்போட்டு, நல்லபக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் திருப்பினார். தையல் தெரிந்தவர்கள் உள்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். நகத்தால் ஒரு ஓரத்தைக் கீறிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார்.

"இஞ்ச வா மக்களே" என்றார். என்னை இல்லை. சித்தியை.

சித்தி உள்ளே போனாள். நாற்காலிக்கு முன்னால் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். அந்த அம்மா தன் கொசுவத்தை விரித்து அந்த மூட்டுத் தையலைக் காட்டினார். இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. என்ன பேசினார்கள் என்று முழுதாகக் கேட்கவில்லை. "இப்பம் கை நடுங்குது, பழைய மாதிரி வரமாட்டேங்கு" என்பது கேட்டது. "ஜவுளிக்கடையில வேலைதான், நமக்கு அங்க புதுசு எடுக்க ஒக்குமா?" என்பது கேட்டது. பிறகு சித்தியின் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாள்.

அவ்வளவுதான், எல்லாம் கெட்டுப்போயிற்று. என்னால்தான். அந்த அம்மா சித்தியைத் திட்டுகிறார். நான் போய்க் கிணற்றடியில் ஆத்திச்சக்கை மரத்தின் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் போகும் சத்தம் கேட்டது. போகும்போதும் உபதேசியார் ஒரு ஜெபம் பண்ணினார். இந்தத் தடவை நான் மரத்தின் பின்னாலிருந்தே கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

தோல் உரியவில்லை. ஒரு அடிகூட விழவில்லை. அப்பா அன்று சாயங்காலமே சோபாவைத் திருப்பிக் கொண்டுபோனார். வந்து வலைநாற்காலியை மூலையில் போட்டு அதிலேயே இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். நான் சண்டைக்குப் போகவில்லை. என் பாவாடையைக் கட்டிக்கொண்டு, பாக்கெட்டுக்குள் கையை விட்டபடி அவர் பக்கத்தில் நின்றேன்.

"நல்ல காரியம் பண்ணினே போ" என்றார் அப்பா. அது திட்டா, பாராட்டா என்று இன்றுவரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஒரு வாரம் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. என் முகத்தைப் பார்த்தால் அம்மா பெருமூச்சு விட்டாள். சித்தியின் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ராத்திரி வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்து, இனி ஜெபத்தில் கண்ணைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை எத்தனை நாள் காப்பாற்றினேன் என்பது வேறு கதை.

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அந்த மாப்பிள்ளை. தனியாக வந்திருந்தார். கையில் நாளிதழ்த் தாளில் சுற்றிய ஒரு பொதி. நல்ல சேதி சொல்ல வருகிறவர்கள் பழமோ, பலகாரமோ கொண்டுவருவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் பொதியை முதலில் நான்தான் வாங்கினேன். வாசலிலேயே ஓரத்தைப் பிரித்தும் பார்த்தேன்.

உள்ளே ஒரு கிழிசல். வெள்ளையாக இருந்து மஞ்சளடித்துப்போன ஒரு பட்டுச் சேலை. மடித்த இடமெல்லாம் விட்டுப்போயிருந்தது. கரையில் ஜரிகை நூலாகத் தொங்கியது.

"இத எங்க அம்மை ஒங்க சித்தி கையில குடுக்கச் சொன்னாவ. பாத்துச் செய்யச் சொன்னாவ" என்றார்.

எனக்குள் ஏறியது ஒரு கோபம். இவ்வளவும் பார்த்துவிட்டு, எங்கள் சித்தியைத் தையல்காரி என்று நினைத்துவிட்டார்கள்! வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், பேசாமல் இருந்திருக்கலாம். கிழிந்த துணியைக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். நான் வாசலை மறித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்தேன்.

"எங்க சித்தி ஒங்களுக்கு வேலைக்காரி இல்ல. கொண்டுபோங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலைக் கூட்டியது. "அத நீயே எங்க அம்மைகிட்ட சொல்லு, எனக்குப் பேடியாக்கும்" என்றார், பயந்தவர்போல.

எனக்குப் பின்னால் சித்தி வந்து நின்றிருந்தாள். என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பொதியை எடுத்துக்கொண்டாள். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து, மடியில் விரித்தாள். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. ஒவ்வொரு கிழிசலிலும் விரலை வைத்து நின்று நின்று போனாள். அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தவள், கையில் கரண்டியோடு நின்ற இடத்திலேயே வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே "உள்ள வாங்க, இரிங்க, தேயிலை போடுறேன்" என்றாள். ஆலையிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கிய அப்பா, மடியில் விரிந்திருந்த சேலையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

அது அந்த அம்மா கோயிலில் தன் கல்யாணத்துக்கு உடுத்திய சேலை என்றும், கணவர் இறந்தபிறகு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, ஒரு தையல் போடக்கூட யார் கையிலும் கொடுக்காமல் இருந்தது என்றும் எனக்குப் பெரியவளானபிறகுதான் தெரிந்தது. சித்தி அதை இருபது நாளில் சரிசெய்தாள். அதைக் கட்டிக்கொண்டுதான் அவள் மணப்பெண்ணாகக் கோயிலுக்குள் நடந்தாள். எத்தனை இடத்தில் மூட்டியிருந்தாள் என்று பெண்கள் பக்கத்தில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஜெபத்தில் எண்ணினேன்.

ஆனால் அன்றைக்கு வாசலில் எனக்கு இதெல்லாம் தெரியாது. சித்தி தலையை நிமிர்த்தாள். கண்ணெல்லாம் நிறைந்திருந்தது, முகம் சிரித்தது.

"கெடக்கட்டு மக்களே, இதுல இன்னும் ஜீவன் இருக்கு" என்றாள்.

ஒரு கிழிந்த சேலைக்காக இப்படிச் சிரிக்கிறாளே, இவளுக்கு மானம் ரோசம் ஒன்றும் கிடையாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்பாக்கெட்டில் இருந்த புளியங்கொட்டையை எல்லாம் முற்றத்தில் வீசி எறிந்துவிட்டு, அன்று முழுக்க நான் அவளோடு பேசவே இல்லை.